தர்மபுரி ராஜா ராணிகள்

யாரை வேண்டுமானாலும் ராஜாவாக வரைந்துவிடலாம், அந்த ராஜாவிடம் நல்ல பேர் வாங்குவதுதான் பெரும்பாடு. தர்மபுரியில் எனக்கு இதுதான் பிழைப்பு. போட்டோ கொடுத்தால், அந்தக் கால அரண்மனைச் சிற்றோவியம் போல, தலைப்பாகை, முத்துமாலையோடு சின்னஞ்சிறு காகிதத்தில் வாட்டர்கலரில் வரைந்து தருவேன். கஸ்டமரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளும் தொழில் எதுவானாலும், அதில் இருப்பவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

இன்னொரு கண்

இந்தப் பாணியில் ராஜா பக்கவாட்டில்தான் பார்ப்பார். ஒரு கண், ஒரு காது, பாதி மீசை. கடத்தூர்க்காரர் ஒருவர் தன் அறுபதாம் கல்யாணத்துக்கு வரையச் சொன்னார். மீசையை முடி முடியாக இழைத்திருந்தேன். படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "கண்ணு ஆபரேசன் நல்லா ஆயிடுச்சுங்க. இன்னும் எதுக்கு ஒரு கண்ண மறைச்சு வெச்சிருக்கீங்க?"

ரோஜாப்பூ

ராஜா என்றால் கையில் ஒரு ரோஜாவை வைத்து முகர வேண்டும், அது வழக்கம். மாரண்டஹள்ளித் தக்காளி வியாபாரி ஒருவரை அப்படி வரைந்ததும் மனிதர் மிரண்டுபோனார். மாற்றியே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். "பூவும் கையுமா இருந்தா யாருக்குன்னு வூட்ல கேப்பாங்க. தக்காளியாவே போட்டுடுங்க."

இடது கன்னம்

பாலக்கோட்டில் ஒரு கல்யாணம். மணமக்களை ராஜா ராணியாக வரைந்து பத்திரிகையில் அச்சடிக்க வேண்டும். சின்ன வயதில் எண்ணெய் கொட்டி, பெண்ணின் இடது கன்னம் முழுக்கத் தழும்பு. ராணி ராஜாவுக்கு இடப்பக்கம் நின்று அவரைப் பார்த்தால் அந்தக் கன்னம்தான் நமக்குத் தெரியும். இடம் மாற்றி நிறுத்த மாப்பிள்ளை வீட்டார் ஒப்பவில்லை.

பெண்ணின் அம்மா கண் கலங்கிவிட்டார். "ஊரே பாக்குமுங்க. தழும்பில்லாம வரைஞ்சு குடுங்க" என்றார். எனக்கும் மனசு கேட்கவில்லை. கன்னத்தை வழவழவென்று வரைந்து வைத்தேன்.

படம் பார்க்க அந்தப் பெண்ணே வந்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். "அழகாத்தானுங்க இருக்கு. ஆனா பத்திரிகைய பாத்துட்டு மண்டபத்துக்கு வரவங்க, பொண்ண மாத்திட்டாங்கன்னு பேசுவாங்க. என்னையவே வரைஞ்சுடுங்க."

பத்திரிகை தழும்போடுதான் அச்சானது, அந்த ராணிக்கு என் உபயம் கழுத்தில் போட்ட முத்துமாலை மட்டும்தான்.