காயாத படம்

உத்திரமேரூர் ஏரியின் விடியற்காலைப் பனியை எண்ணெய் வண்ணத்தில் பிடித்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு கிறுக்கு. அப்போது பள்ளிக்கூடத்தில் தற்காலிக டிராயிங் வாத்தியாராக இருந்தேன். பட்டணத்து ஓவியப் பள்ளிக்கு ஒரு நிலக்காட்சி அனுப்ப வேண்டும்; தேறினால் இடம் கிடைக்கும். வயது வரம்பின்படி அதுதான் எனக்குக் கடைசி வருஷம்.

பழைய காலத்து ஐரோப்பிய ஓவியர்களின் முறையை ஒரு புத்தகத்தில் படித்திருந்தேன். காடாத்துணிக்கு வஜ்ஜிரப் பசை பூசி, முழுவதும் பழுப்பு அடித்து, அதன்மேல் ஆளிவிதை எண்ணெயில் கரைத்த வண்ணத்தை மெல்லிசாக ஏற்ற வேண்டும். ஒரு பூச்சு காய்ந்த பிறகே அடுத்தது. அப்படிப் பல பூச்சு ஏறினால்தான் பனி பனியாகத் தெரியும். பாதி வேலையில் ஆளிவிதை எண்ணெய் தீர்ந்துவிட்டது. காஞ்சிபுரத்துக் கடையிலும் இல்லை. எண்ணெய்க்கு எண்ணெய்தானே என்று வீட்டிலிருந்த விளக்கெண்ணெயை ஊற்றிக் கலந்து, மிச்சத்தை ஒரே பூச்சாக ஏற்றிவிட்டேன். என்ன பளபளப்பு! மதகும் கரையும் பனிக்குள் கரைந்து நின்றதைப் பார்த்து எனக்கே கர்வம் தாங்கவில்லை.

அது காயவே இல்லை. பத்து நாள் கழித்தும் தொட்டால் விரலில் ஒட்டியது. விளக்கெண்ணெய் எந்தக் காலத்திலும் காயாது என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

"இன்னாங்க, இன்னும் ஈரமாவே கீது?" என்று என் மனைவி கேட்டபோதுகூட, "ரெண்டு நாள்ல காஞ்சிடும்" என்று சமாளித்தேன்.

அனுப்ப வேண்டிய நாளுக்கு முந்தின நாள் பள்ளியிலிருந்து வந்தால், படம் வாசலில் வெயிலில் சாய்ந்திருந்தது. எதிர்க் களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தார்கள். என் பனி முழுக்கப் பதரும் தூசும்.

"வெயில்ல வெச்சா காஞ்சிப் பூடும்னு வெச்சேங்க. காத்து இந்தப் பக்கம் திரும்பும்னு இன்னா கண்டேன்?" என்று பதறிய மனைவி, முந்தானையால் துடைக்கப் போனாள். ஏரிக்கரை அப்படியே சேலையோடு வழிந்து வந்தது.

"என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியே!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். அந்தப் படம் எப்படியும் தேறியிருக்காது என்பது கத்தும்போதே எனக்குத் தெரியும்.

அதன்பின் நான் வரைந்ததெல்லாம் கரும்பலகையில் மாம்பழமும் கூஜாவும்தான். பட்டணத்துக்கு ஏன் போகவில்லை என்று யாராவது கேட்டால் அவளே முந்திக்கொள்வாள்: "என்னாலதாங்க. நான்தான் கெடுத்துட்டேன்." சாகும்வரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். ஒரு நாளும் மறுத்துப் பேசியதில்லை.