நான் பறித்த பச்சை இலைகள்

அறுபதுகளின் நடுவில், தாராவியில் எங்கள் குடிசையின் தகரக் கூரைமேல், பழைய வனஸ்பதி டின்னில், என் கணவர் ஒரு கஞ்சாச் செடி வளர்த்தார். தோல் கிடங்கில் ஈரத்தோல் சுமந்து அவருக்கு இடுப்பு போயிருந்தது. வேலை விட்டு வந்து வாசலில் உட்கார்ந்து, போன வருஷத்துச் செடியில் காயவைத்ததை ஒரு பீடியில் திணித்து இழுப்பார். பிறகு சாப்பிட்டுத் தூங்கிவிடுவார். அவ்வளவுதான். ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எனக்கு வாய் நீளம். "போலீஸ் ஹவல்தார் வந்தா செடியோட உங்களையும் சேத்துல்லா இழுத்துட்டுப் போவான்" என்று தினமும் கத்துவேன். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டூல் போட்டு ஏறி, மேல் இலைகளின் நிழலில் மஞ்சளாகிப்போன அடி இலைகளை இரண்டு மூன்று கிள்ளுவார். "இதுக தண்டச்சோறு. வெயில் வாங்குத மேல் எலைதான் செடிக்குச் சோறு போடுது. அதுல கை வச்சா செடி போயிரும் பாத்துக்கோ" என்பார். எனக்கு வழியை அவரே சொல்லிக்கொடுத்தார்.

அவர் கிடங்குக்குப் போனதும் நான் ஏறினேன். நாளுக்கு நாலைந்து, நல்ல பச்சையாகப் பார்த்துப் பறித்து, காய்கறித் தோலோடு சாக்கடையில் எறிந்தேன். "எலை ஏன் இப்படிக் கொட்டுது?" என்று அவர் கவலைப்படுவார். நான் வாய் திறக்கவில்லை. பூப்பதற்குள் செடி வெறும் குச்சியானது. எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

காயவைத்த கஞ்சாவும் தீர்ந்ததும், மாஹிம் ஓடைக்கரையில் அதை விற்கும் கொட்டகைக்கு அவர் போக ஆரம்பித்தார். இதை நான் நினைத்தே பார்க்கவில்லை. மூன்றாவது வாரம் போலீஸ் அங்கே புகுந்து எல்லோரையும் அள்ளிக்கொண்டு போனது. பதினைந்து நாள் கழித்துத் திரும்பினார். கிடங்கில் அவர் இடத்தில் வேறு ஆள்.

"எல்லாம் என் தப்புட்டி. அடி எலையக் கூடுதலாக் கிள்ளிட்டேன். செடி நல்லா இருந்தா நான் ஏன் அங்க போறேன்?"

எனக்குத் தாங்கவில்லை. "நீங்க இல்ல. நான்தான் பச்ச எலையப் பூரா பறிச்சேன்" என்று அழுதேன்.

அவர் சிரித்தார். "என் மனசு ஆறணும்னு பழிய நீ தலைல போட்டுக்கிடுதியாக்கும்."

சிறுபிள்ளையைத் தேற்றுவதுபோல் என் தலையைத் தடவினார். சத்தியம் செய்தேன், நம்பவில்லை. இப்படி ஒரு பெண்டாட்டி யாருக்குக் கிடைப்பாள் என்று அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.