வாசல் வழியே வராத ஆமை

அன்று துரை வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: பிரான்சுக்குக் கப்பலேற இருந்த வெள்ளைக்காரத் துரை. அவரிடம் சமையல் வேலை பார்த்த என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி. சுவர் பூச வந்த கொத்தனார் நான். மேசைக்கு அடியில் ஆமை.

ஆமை மதகாஸ்கரிலிருந்து வந்தது. கறுத்த முதுகில் மஞ்சள் கோடுகள், நட்சத்திரம் நட்சத்திரமாய். துரை விட்டுப்போகிற அதை வாங்கிக்கொள்ள ஆளில்லை. ஆமை வீட்டுக்குள் வந்தால் குடும்பம் விளங்காது என்று ஊரில் எல்லாருக்கும் பயம்.

எனக்கு அந்தக் கோடுகள் பிடித்திருந்தன. வைத்துக்கொள்கிறேன் என்றேன்.

மனைவி வாசலை மறித்து நின்றாள்.

"அது நெலப்படியத் தாண்டுச்சுன்னா நான் எங்கம்மா ஊட்டுக்குப் போயிடுவேன்."

"தாண்டாது."

வீட்டுக்குள் புகுந்து போவதைத் தவிரத் தோட்டத்துக்கு வேறு வழி கிடையாது. பின்சந்தில் ஏணி சாத்தி, சாக்கில் கட்டி, மதில் மேலே ஏற்றி இறக்கினோம். மச்சான் மதில்மேல் உட்கார்ந்து சிரித்தான்.

"கல்யாணத்துல உன்னக்கூட இவ்ளோ மரியாதையா எறக்கல மாமா."

அதற்குள் தொட்டி கட்டி வைத்திருந்தேன். ஆமை என்றால் தண்ணீர்தானே. இடுப்பளவு ஆழம், சிமெண்டுப் பூச்சு, ஒரு பொட்டுக் கசிவில்லை. ஆமையை விட்டேன். கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்தது. மேலே வரவில்லை. குதித்துத் தூக்கினேன். மூக்கில் நுரை.

"செத்துச்சுன்னா அந்தப் பாவம் வேற" என்றாள் மனைவி.

மச்சான் துரையிடம் ஓடிக் கேட்டு வந்தான்.

"அது நீந்தாதாம் மாமா. காஞ்ச மண்ணும் வெயிலும்தான் வேணுமாம்."

"மொதல்லயே கேக்கறதுக்கு என்னா?" என்றாள் அவள். "கொத்தனாரு கேப்பாரா!"

மறுநாள் தொட்டியின் கிழக்குச் சுவரை உடைத்தேன். அடியிலும் ஓட்டை போட்டேன். கீழே ஜல்லி, மேலே உழவர்கரையிலிருந்து வண்டியில் வந்த செம்மண். பாதிக்கு மேலே நாட்டு ஓட்டுக் கூரை, பாதி வெயிலுக்கு. ஓரத்தில் பழத்தோடு சப்பாத்திக்கள்ளி நட்டேன். ஆமை இரண்டு நாள் தலையை நீட்டவில்லை. மூன்றாம் நாள் கள்ளிப்பழம் தின்று வாயெல்லாம் சிவப்பாக நின்றது.

ஐப்பசி மழையில் எங்கள் அடுப்படிக்குள் தண்ணீர் வந்தது. மனைவி முறத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தோட்டத்தை எட்டிப் பார்த்தாள். ஓட்டுக்கு அடியில் மண் காய்ந்து கிடந்தது. ஆமை தூங்கியது.

"அதுக்கு மட்டும் நல்லாக் கட்டத் தெரியுது" என்றாள்.

அவள் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் அதற்கு முன் வந்ததில்லை.

பிறகு கீரைத்தண்டை அவளே வாசலில் நின்று வீசினாள். கிட்டே மட்டும் போகமாட்டாள்.

சில வருஷம் போனது. ஒரு மாசி மாதம், ஆமை பின்னங்காலால் செம்மண்ணைத் தோண்டியது. சாயங்காலம் வரை தோண்டியது. அது பெண் என்று அன்றுதான் எங்களுக்குத் தெரியும். பிடிக்காத இடத்தில் எந்த உயிரும் முட்டை வைக்காது. நான் கட்டிய இடத்தில் அது வைத்தது.

மனைவி தோட்டத்தில் இறங்கினாள். அதன் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்தாள். விரலால் மண்ணை மெல்ல விலக்கிப் பார்த்தாள்.

"எத்தினி?" என்றேன்.

"ஆறு."