நடுவில் ஒரு பஸ்

சனிக்கிழமை மதியம் ராகவன் சார் போன் செய்தார். "ஸ்டெல்லா போயிட்டாங்கப்பா," என்றார். நெஞ்சுவலியாம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவே இல்லையாம். நான் முன்பு வேலை பார்த்த ஊதுவத்திக் கம்பெனியின் டைப்பிஸ்ட் அவர். மேனேஜரான ராகவன் சாரைத் தவிர எல்லோருக்கும் ஸ்டெல்லா அக்கா.

மண்டி மொஹல்லாவில் இருந்த அந்த ஆபீசில் உட்கார்ந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கீழே குடோன், மேலே நாங்கள், ஒரே ஒரு ஜன்னல். மல்லிகையும் சந்தனமும் கலந்து மூக்கை அடைக்கும். முதலாளி ஊருக்கு வெளியே ஹுன்சூர் ரோட்டில் காற்றோட்டமான இடம் ஒன்றைப் பார்த்திருந்தார். அங்கே மாறுவதா, இங்கேயே மாற்றிக் கட்டுவதா என்று எங்களையே கேட்டார். எனக்கோ அன்றைக்கே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட ஆசை.

அக்காவின் வீடு ஆபீசுக்குப் பின் சந்தில். படுத்த படுக்கையாகக் கிடந்த கணவருக்கு மதியம் ஓடிப்போய்க் கஞ்சி கொடுத்துவிட்டு வருவார். ஆபீஸ் மாறினால் அவர் வேலையை விட வேண்டியதுதான் என்று நாங்களே முடிவு கட்டினோம். கூட்டத்தில் ராகவன் சார் எழுந்து, "ஸ்டெல்லாவை விட்டுட்டு எங்க போறது? இங்கேயே அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்," என்றார். கை தட்டினோம். அக்கா ஏதோ சொல்ல எழுந்தார். "இரலி பிடம்மா, இருக்கட்டும் விடும்மா, நன்றியெல்லாம் எதுக்கு?" என்று கன்னடக்கார முதலாளி உட்கார வைத்துவிட்டார்.

பிறகு தச்சர்கள் வந்தார்கள். பிளைவுட் தடுப்புகள், தாழ்ந்த கூரை. இருந்த ஒரு ஜன்னலையும் பைல் அலமாரி மூடிக்கொண்டது. கூண்டுக் கோழி மாதிரி ஆளுக்கொரு பெட்டி. கரண்ட் போனால் சட்டையைப் பிழியலாம். ஒருநாள் எரிச்சலில் அக்காவிடமே கொட்டிவிட்டேன்: "உங்களுக்காகத்தான்க்கா இந்தப் பொந்துல வேகுறோம்!"

அவர் டைப்ரைட்டரிலிருந்து கையை எடுத்தார். "என்னை யாராச்சும் கேட்டீங்களா தம்பி? குண்டலுபேட்டையில இருந்து என் தங்கச்சி வந்து அவரைப் பாத்துக்கறேன்னு சொல்லியிருந்தா. ஆபீஸ் தூரமாப் போகுதுன்னு எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? வீட்டுல அவர் கூப்பிடுவார், இங்க மேனேஜர் கூப்பிடுவார். நடுவுல ஒரு பஸ் இருந்தா அரை மணி நேரம் என்னை யாரும் கூப்பிட மாட்டாங்கல்ல? சீட்டுகூட வேணாம், நின்னுட்டே வந்திருப்பேன்."

"அடக் கடவுளே! அப்புறமாச்சும் சொல்லக் கூடாதாக்கா?"

"எந்த வாயால சொல்றது? எனக்காகத் தங்கியிருக்கீங்க எல்லாரும். வேற வேலை தேடக்கூட மனசு வரல."

கணவர் இறந்த பிறகும் அக்கா அந்தப் பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்து டைப் அடித்தார். ஞாயிற்றுக்கிழமை அக்காவை அடக்கம் செய்தோம். சர்ச்சும் அடுத்த தெருதான். நடந்தே தூக்கிப் போனோம். எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது.

நான் இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறேன், தினமும் பஸ்தான். பக்கத்தில் யாராவது ஒரு பெண் பேசாமல் வெளியே பார்த்துக்கொண்டு நின்றால் மணி என்ன என்றுகூடக் கேட்பதில்லை. அக்கா எனக்கு விட்டுப்போனது இதுதான். இறங்கும் இடம் வரும்வரை அவர்களை யாரும் கூப்பிடக் கூடாது.