ஒரு முக்கோணத்துக்கு ரெண்டு பேர்

கம்பெனி பஸ்ஸில் அன்னிக்கு இருந்தவங்க: டிரைவர் அண்ணன். பக்கத்து சீட்டுக்காரி, என்னோட பேக்கிங்கில் நிற்பவள். பின் சீட்டில் திருநெல்வேலித் தம்பி, ஐடிஐ முடிச்சு அசெம்பிளி லைனில் வேலை பார்க்கிறவன். அப்புறம் நான். மத்தவங்க தூக்கம்.

நான் ஒன்பதாவதோட நின்னவள். லைனுக்குப் போகணும்னா பத்தாவது பாஸ் வேணும். இல்லாட்டி கான்ட்ராக்டுதான், பேக்கிங்தான், கடைசி வரைக்கும். தனித்தேர்வு எழுதினேன். கணக்கு மட்டும் போச்சு. திரும்ப எழுத ஒரு வாரம் இருந்தது. முப்பத்தஞ்சு மார்க் வந்தால் போதும்.

பெட்டி கட்டுற மஞ்சள் பட்டையில் கழிச்ச துண்டுகளைக் கொண்டுவந்திருந்தேன். மூணு துண்டை டிபன் பை மேல் வெச்சேன்.

"மூணும் ஒரே நீளம். சமபக்கம்." ஒண்ணை எடுத்துட்டுக் குட்டையா ஒண்ணு வெச்சேன். "ரெண்டு மட்டும் சமம். இருசமபக்கம்." அப்புறம் மூணும் வேற வேற. "அசமபக்கம். எதுவும் எதோடயும் ஒத்துப்போகாது."

"எங்க மாமியார் வூடு," என்றாள் பக்கத்து சீட்டுக்காரி.

டிரைவர் அண்ணன் சிரிச்சதில் பஸ்ஸே குலுங்கிச்சு.

அட்டைப்பெட்டி மூலை ஒண்ணும் கிழிச்சு வெச்சிருந்தேன். முக்கோணத்தில் ஒரு கோணம் அந்த மூலைக்குச் சரியா இருந்தால் செங்கோணம். ஒண்ணு அதைவிட அகலம்னா விரிகோணம். மூணுமே அதைவிடச் சின்னதுன்னா குறுங்கோணம்.

தம்பி எட்டி, சமமான ரெண்டு துண்டை அந்த மூலையை ஒட்டி வெச்சான். நீளத் துண்டால் மூடினான். "ஏக்கா, இது என்னது?"

"செங்கோணம். இல்ல, இருசமபக்கம்."

போன பரீட்சையிலும் இங்கதான் மாட்டினேன். ஒண்ணை எழுதி அடிச்சேன். இன்னொண்ணை எழுதி அதையும் அடிச்சேன்.

"ரெண்டுந்தான்க்கா."

"எப்படிடா? முக்கோணம் ஒண்ணுதானே கீது?"

பக்கத்து சீட்டுக்காரி என் கழுத்தில் தொங்கினதை இழுத்தாள். "இது இன்னாக்கா?"

"கான்ட்ராக்டர் அட்டை."

"இது?"

"கம்பெனி கேட் பாஸ்."

"நீ எத்தினி பேரு?"

நான் ஒருத்திதான், அட்டைதான் ரெண்டு. பக்கத்தைப் பார்த்து ஒரு பேர். கோணத்தைப் பார்த்து ஒரு பேர். ரெண்டும் அதுக்கே.

"இருசமபக்கச் செங்கோண முக்கோணம்!" கத்திட்டேன்.

தூங்கினவர் ஒருத்தர் பதறி எழுந்தார். "ஒரகடம் வந்துடுச்சா?"

"ஒரகடம் வரல. அக்காவுக்குக் கணக்கு வந்துடுச்சு. படுண்ணே," என்றாள் அவள்.

பரீட்சையில் அதே மாதிரி ஒண்ணு வந்தது. ரெண்டு பேரையும் எழுதினேன். அடிக்கல.

ரிசல்ட்டும் அதே பஸ்ஸில்தான். வாலாஜாபாத் தாண்டினதும் தம்பி போனில் என் பரீட்சை நம்பரைப் போட்டான். திரையில் வட்டம் சுத்திச்சு. சுத்திக்கினே இருந்துச்சு. டிரைவர் அண்ணன் வண்டியை ஓரம் கட்டினார். "லேட்டானா ஆவட்டும். சொல்லுடா."

பக்கத்து சீட்டுக்காரி என் ரெண்டு அட்டையையும் இறுக்கிப் பிடிச்சிருந்தாள்.

தம்பி போனை என் பக்கம் திருப்பினான்.

கணக்கு, நாற்பத்தொன்று.