எந்தப் பால்?

அந்த டின்னில் எழுதியிருந்ததை நான் படித்தேன். குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று மலாயில் அச்சிட்டிருந்தது. படித்துவிட்டுத்தான் கரைத்துக் கொடுத்தேன்!

விவரம் தெரியாமல் கொடுத்துவிட்டாள் என்றுதான் எங்கள் அடுக்குமாடியில் எல்லோரும் சொல்கிறார்கள். நீங்களாவது அதை நம்பாதீர்கள்... ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் படித்தவள் நான். மலாய் நன்றாகவே வாசிப்பேன்.

என் மகளின் பெயர் துர்கா. அவள் அப்பன் போன இடம் தெரியவில்லை. பச்சை உடம்போடு ஜார்ஜ் டவுனில் ஒரு தேநீர்க் கடைக்குக் கோப்பை கழுவப் போனேன். துர்காவைப் பக்கத்து வீட்டில் விட்டுச் செல்வேன். அரை வயிறு சாப்பிட்டவளுக்குத் தாய்ப்பால் எத்தனை நாள் சுரக்கும்? வற்றிப்போயிற்று. மாவுப்பால் வாங்க வழியில்லை.

கடைக்கார அக்கா, தேநீருக்கு ஊற்றும் இனிப்புக் கிரீமர் டின்னில் மிஞ்சியதைக் கொடுத்தார்.

"கொண்டு போ லா, வீட்ல தே கலக்கிக்கோ."

உள்ளே இருப்பது பெரும்பாலும் சர்க்கரையும் பாமாயிலும்; எங்கள் ஊரில் அதற்கும் பால் என்றுதான் பெயர்.

வெந்நீரில் கரைத்துப் புட்டியில் ஊற்றினேன். துர்கா ஆசையாகக் குடித்தாள், குடித்ததும் தூங்கினாள். அவள் அழாமல் இருந்தால்தானே நான் வேலைக்குப் போகமுடியும்? நிம்மதியாக இருந்தது... ஆம், நிம்மதியாகத்தான் இருந்தது!

கிளினிக்கில் மிஸ்ஸி அவளை எடைபோட்டுவிட்டு முகம் சுருக்கினார். தாதியரை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் அழைப்போம்.

"எடை ஏறலியேம்மா. பால் குடுக்கிறியா?"

"குடுக்கிறேன் மிஸ்ஸி."

எந்தப் பால் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா? மாட்டேன்! பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்ற பயம். பயம் மட்டுந்தானா... வெட்கமும்தான். பெற்ற பிள்ளைக்குப் பால் வாங்க வக்கில்லாதவள் என்று எந்தத் தாய் வாய்திறந்து சொல்வாள்?

மழைக்காலத்தில் துர்காவுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. தாங்கும் தெம்பு அவள் உடம்பில் இல்லை. மருத்துவமனையில் இறந்துபோனாள். என்ன கொடுத்தாய் என்று டாக்டர் கேட்டபோது, தேநீர்ப் பால் என்றேன். தெரியாமல் கொடுத்துவிட்டேன் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

காரியம் முடிந்தபின் மிஸ்ஸி என் வீடு தேடி வந்தார். வாசலிலேயே உடைந்து அழுதார்.

"என் தப்பும்மா. எந்தப் பால்னு நான் கேட்டிருக்கணும். பாவம், உனக்கு எப்படித் தெரியும்?"

அப்போதாவது சொல்லியிருக்கலாமே! நாக்கு நுனிவரை வந்தது... விழுங்கிவிட்டேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பரவாயில்ல மிஸ்ஸி," என்றேன்.

அவரை நான் மன்னித்தேன்... நான்!

இன்றும் சந்தையில் என்னைக் கண்டால் அவர் தலைகுனிந்து போகிறார். நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.