கிழக்கே பார்த்த கல்

எங்கள் கல்லைத் தொலைத்தவர்கள் நீங்கள்தான். உங்கள் காட்சிசாலையின் பெயரை இந்தப் பத்திரிகையில் எழுதவில்லை. படித்தால் உங்களுக்கே தெரியும்.

அன்றைய ஈர வைக்கோல் வாசம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. திருவாதவூரில் எங்கள் வரப்போரம் கிழக்கே பார்த்து நின்ற கல்லை, வேனில் வந்த உங்கள் ஆட்கள் கயிறு கட்டித் தூக்கியபோது, அடியில் வைக்கோலைப் பரப்பச் சொல்லி, முகம் தரையில் படாமல் மல்லாக்கக் கிடத்தச் சொல்லி அம்மா மன்றாடினாள். இடுப்புயரக் கல். அதில் செதுக்கிய உருவில் வாள் பிடித்த ஒருவர், பக்கத்தில் அவர் மனைவி. நாங்கள் அதைக் கல் என்று சொன்னதே இல்லை, "பெரியவுக" என்போம். அறுப்பு தொடங்கினால் முதல் கதிர் அவர்களுக்கு, அதன்பிறகுதான் வீட்டுக்குள் நெல் வரும். "அங்க வச்சா ஊரே வந்து பார்க்கும்மா" என்று உங்கள் ஆள் சொன்னதை அம்மா நம்பினாள். ஒரு துண்டுக் காகிதம்கூடக் கேட்டு வாங்கவில்லை.

அடுத்த தை மாதம் பள்ளியில் எங்களை மதுரைக்குக் கூட்டிப்போனார்கள். நான் ஆறாம் வகுப்பு. அம்மா ஒரு பிடி கதிரை ஈரத்துணியில் சுற்றி என் பையில் வைத்து, "பெரியவுக காலடியில வச்சிட்டு, நல்லாருக்காகளான்னு பாத்துட்டு வாத்தா" என்றாள்.

காலையில் கோயில் பார்த்து, கட்டுச்சோறு தின்று முடிக்கவே பொழுது சாய்ந்துவிட்டது. ஓவியங்கள் இருந்த காட்சிசாலை ஒன்று, கற்சிலைகள் இருந்த உங்களுடையது ஒன்று. இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரமிருக்கிறது, கை தூக்குங்கள் என்று டீச்சர் பஸ்ஸுக்குள் நின்று சொன்னார்.

"கல்லு பாக்கவா மதுரைக்கு வந்தோம்? நம்ம கம்மாக்கரையில கெடக்காத கல்லா?" என்று பின்சீட்டில் ஒருத்தன் கத்தினான்.

"இவ சொந்தக்காரக அங்கதான இருக்காக மாப்ள, இவள மட்டும் எறக்கி விட்டுட்டுப் போவோம்" என்றான் பக்கத்தில் இருந்தவன்.

பஸ்ஸே சிரித்தது. கற்சிலைக்குக் கை தூக்கியது என் சிநேகிதி ஜீனத் ஒருத்திதான். எனக்காகத்தான் தூக்கினாள், என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே. நான் ஓவியத்துக்குத் தூக்கினேன்.

அந்த ஓவியங்களில் ஒன்றுகூட இன்று நினைவில்லை. கதிரை சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "எந்தத் தெச பாத்து வச்சிருக்காக?" என்று கேட்டாள். "கெழக்க" என்றேன். அவள் முகம் தெளிந்ததைப் பார்த்தபின் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "மழ வெயில் படாம கெழக்க பாத்து இருக்காக" என்று எதிரில் வந்தவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தாள். எனக்குக் கல்யாணமாகி மதுரை கே.கே. நகருக்கு வந்தபிறகு, வரும்போதெல்லாம் கூட்டிப்போகச் சொன்னாள். பிள்ளைக்குப் பரீட்சை, எனக்கு லீவு இல்லை என்று வருஷக்கணக்காகத் தட்டிக்கழித்தேன்.

போன வருஷம் தை மாதம் கதிரோடு என் வாசலில் வந்து நின்றாள். வேறு வழியில்லாமல் கூட்டிப்போனேன். அறை அறையாகத் தேடினோம். இல்லை. உங்கள் அலுவலர் பதிவேடுகளைப் புரட்டிவிட்டு, "அப்படி ஒரு கல் இங்க வந்ததாவே பதிவில்லம்மா" என்றார்.

"வராம எங்கப்பா போகும்? எம் மக கண்ணால பாத்திருக்கா. கெழக்க பாத்து இருந்தாக. சொல்லுத்தா."

"எந்த ரூம்ல பாத்தீங்க?" என்று அவர் என்னிடம் கேட்டார்.

நான் அம்மா கையிலிருந்த கதிரைப் பார்த்தேன். என் ஒரு கைக்காக அன்று பஸ் திரும்பியிருக்காது, அது எனக்கும் தெரியும். ஆனால் போகவில்லை என்று மட்டும் சொல்லியிருந்தால் அம்மா மறுவாரமே வந்து கேட்டிருப்பாள். தூக்கிப்போனவர்கள் அப்போது வேலையில் இருந்திருப்பார்கள். அவர்கள் தப்பிக்க நானே வழிவிட்டேன்.

அம்மா என் முகத்தையே பார்த்தாள். திரும்பும்போது ஆட்டோவில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அன்னைக்கு அந்தக் கதிர எங்கத்தா போட்ட?"

அந்த மாசியிலேயே இறந்துவிட்டாள். அண்ணன் வயலை விற்றுவிட்டான். பெரியவுக நின்ற இடத்தில் மஞ்சள் பெயிண்ட் அடித்த பிளாட் கல் நிற்கிறது.

என் பொய்யை நான் ஊரறிய எழுதிவிட்டேன். இனி உங்கள் முறை. எனக்குத் தனியாகக் கடிதம் போட வேண்டாம். ஏற்றியவர், இறக்கியவர், கையெழுத்துப் போட்டவர், யாராக இருந்தாலும் இதே பத்திரிகையில் உங்கள் பெயரோடு எழுதுங்கள்: திருவாதவூரிலிருந்து கிளம்பிய வேன் எங்கே போய் நின்றது?